தொட்டியில் ஈரம், இலையில் வாட்டம்: சதைப்பற்றுச் செடிகள் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வடகிழக்குப் பருவமழையில் நனைந்தோ, பாசம் மிகுந்த கைகளாலோ தண்ணீர் அதிகமாகி நொந்துபோன சதைப்பற்றுச் செடிகள்தான் அந்த விஷயம். அதாவது, இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்து வைக்கும் செடிகள். எனவே இந்த இதழின் தோட்டப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம்.

நர்சரியில் வாங்கி 2 மாதம் ஆன எச்சிவேரியா. ரோஜாப்பூ மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. இப்போது கீழ் இலைகள் மஞ்சளாகி, கண்ணாடிபோல் மாறி, தொட்டாலே கழன்று விழுகின்றன. வாடுகிறதே என்று தினமும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி வந்தேன். காப்பாற்ற முடியுமா?
வாசகி, தாம்பரம்

நடுக்குருத்து கெட்டியாக, நிறம் மாறாமல் இருந்தால் முடியும். தண்ணீரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் மட்டும் போதாது. இன்றைக்கே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்க்க வேண்டும்.

வேரும் மூச்சுவிடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் காற்று இருக்கும்வரைதான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கும். தினமும் ஊற்றும்போது அந்தச் சந்துகளில் தண்ணீர் நிரம்பியே நிற்கிறது. வேர் திணறிச் சாகிறது. செத்த வேரில் பித்தியம், பைட்டோப்தோரா, பியூசேரியம் போன்ற அழுகல் கிருமிகள் குடியேறி, அங்கிருந்து தண்டுக்கு ஏறுகின்றன. வேர் போன செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே வாடுகிறது. அந்த வாட்டத்தைத் தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுகிறோம். பல செடிகளைக் கொல்வது இந்த இரண்டாம் சுற்றுத் தண்ணீர்தான்.

தொட்டியைச் சாய்த்துப் பக்கங்களைத் தட்டி, அடித்தண்டைப் பிடித்துச் செடியை வெளியே எடுங்கள். இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரில் ஒட்டியிருக்கும் ஈர மண் முழுவதையும் விரலால் மெதுவாக உதிர்த்துவிடுங்கள். நர்சரிச் செடிகளில் வேர்க்கட்டியின் நடுவே சில சமயம் ஒரு சின்ன வலைப்பையோ, இறுகிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) உருண்டையோ இருக்கும். நாற்றுப் பருவத்தில் வைத்ததை அப்படியே விட்டிருப்பார்கள். சுற்றியுள்ள மண் காய்ந்த பிறகும் அந்த உருண்டை ஸ்பாஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதைக் கத்தரித்து எடுக்காமல் மேல் மண்ணை மட்டும் மாற்றினால் மறுபடியும் அழுகும்.

இப்போது வேர் கண்ணுக்குத் தெரியும். நல்ல வேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ, இழுத்தால் அறாமல் இருக்கும். அழுகிய வேர் கறுத்துச் சொதசொதவென்று இருக்கும். லேசாக உருவினால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்டதை எல்லாம் வெட்டுங்கள். அடித்தண்டு கறுத்திருந்தால் அதையும் கீழிருந்து 3, 4 மில்லிமீட்டர் துண்டுகளாகச் சீவிக்கொண்டே மேலே வாருங்கள். வெட்டுமுகம் முழுவதும் ஒரே வெளிர் பச்சையாக இருக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். பழுப்பாக ஒரு வளையமோ, ஊசிமுனை அளவுப் புள்ளியோ தெரிந்தால்கூட அழுகல் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு சீவலுக்கும் இடையே பிளேடைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலோ சானிடைசரிலோ துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் கீழேயுள்ள அழுகலை நீங்களே மேலே ஏற்றிவிடுவீர்கள்.

நல்ல வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்தால், செடியை நிழலில் காற்றாட 2, 3 நாள் வைத்துவிட்டு உலர்ந்த கலவையில் நடலாம். நட்ட பிறகு 5 முதல் 7 நாள்வரை தண்ணீர் கிடையாது. வெட்டிய காயங்கள் ஆறுவதற்கான நாள்கள் அவை.

வேரே இல்லாமல் தலை மட்டும் மிஞ்சினாலும் கவலை வேண்டாம். அடியில் 2 சென்டிமீட்டர் தண்டு தெரியும்படி சில இலைகளைக் கழற்றிவிட்டு, ஒரு காலி டம்ளரின் வாயில் தலையை உட்காரவையுங்கள். வெட்டுமுகம் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கோவை மாதிரி ஊர்களில் 4, 5 நாளில் காயம் ஆறிவிடும். தாம்பரத்தின் கடற்காற்று ஈரத்துக்கு 7 முதல் 10 நாள்கூட ஆகலாம். மின்விசிறிக் காற்று படுவது நல்லது. வெயிலில் காயவைப்பது கூடாது. வெட்டிய இடம் காய்ந்த ரொட்டியின் மேல்தோல்போல ஆனதும், உலர்ந்த கலவையின் மேல் வைத்துவிடுங்கள். 2 முதல் 4 வாரத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ வேர்கள் எட்டிப்பார்க்கும். முதல் தண்ணீர் அப்போதுதான்.

கழன்று விழுந்த கண்ணாடி இலைகளைப் பதியம் போட்டுப் பயனில்லை. அவற்றின் நீர் சேமிக்கும் செல்கள் ஏற்கெனவே உடைந்துவிட்டன. மேலேயுள்ள கெட்டியான இலைகளில் நாலைந்தை இடமும் வலமும் அசைத்து, அடி முழுசாக வரும்படி கழற்றி, உலர்ந்த கலவையின் மேல் கிடத்தி வையுங்கள். தாய்ச்செடி போனாலும் இவற்றில் ஒன்றிரண்டாவது குட்டி விடும். அது சின்னச் செடியாக உருவாவதற்கே அரை ஆண்டு பிடிக்கும்.

மீண்ட செடியை உடனே வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். காலை வெயில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, 2 வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். புது இலை வரும்வரை உரம் எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்சிவேரியா இனங்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மேட்டுநிலங்களைச் சேர்ந்தவை. பகலில் வெயில், இரவில் குளிர் என்பது அவற்றுக்குப் பழகிய வாழ்க்கை. எச்சிவேரியா போன்ற பல சதைப்பற்றுச் செடிகள் இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கின்றன. இரவிலும் புழுங்கும் சென்னைக் கோடையில் எச்சிவேரியா வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. தண்ணீர் எடுப்பதும் குறைந்துவிடுகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அதைத் தூங்க விடுங்கள். அடுத்த செடி வாங்குவதாக இருந்தால், ஜன்னலோரத்துக்கு ஹவோர்தியாவும் பால்கனிக்கு ஜேடும் உங்கள் ஊருக்கு ஏற்றவை.

ஜேட் செடியின் இலைகள் சுருங்கியிருக்கின்றன. தண்ணீர் கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகர், பீளமேடு

இலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்; மண்ணையும் சேர்த்துப் பாருங்கள். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவித் தொட்டியின் அடிவரை செருகி, 5 நிமிடம் கழித்து எடுங்கள். குச்சி காய்ந்து வந்து, இலை மெலிந்து வளைந்தால் தாகம். வழியும்வரை ஊற்றினால் ஒன்றிரண்டு நாளில் இலை உப்பிவிடும்.

குச்சியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தும் இலை சுருங்கியிருக்கிறதா? வேர் போயிருக்கிறது. முதல் பதிலில் சொன்னபடி எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். ஊற்றி 3 நாளாகியும் இலை உப்பவில்லை என்றாலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. செடி நன்றாக இருக்கும்போதே அடியிலுள்ள ஒன்றிரண்டு பழைய இலைகள் காகிதம்போலக் காய்ந்து உதிரும். அது இயல்பு. அழுகலில் உதிரும் இலை நீர் கோத்து நொளநொளவென்று இருக்கும். இது சருகாக இருக்கும். இலையடியில் தக்கைபோல் சொரசொரப்பான பழுப்புப் பொட்டுகள் வந்தால், வேர் நன்றாக இருந்து தேவைக்கு மேல் குடித்திருக்கிறது என்று பொருள். அதற்கு வெட்டு எதுவும் தேவையில்லை. தண்ணீர் இடைவெளியைக் கூட்டினால் புது இலைகள் சுத்தமாக வரும். பழைய பொட்டுகள் மட்டும் மறையாது.

வாரம் ஒரு தடவை ஊற்றினால் சரியா?
வாசகி, கும்பகோணம்

கிழமை கணக்கு வேண்டாம். அதே செடிக்கு மே மாத மொட்டைமாடியில் 4 நாளுக்கு ஒரு தடவை வேண்டியிருக்கும். ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள் 20 நாள் ஆனாலும் காயாது. ஈர்க்குச்சி அடிவரை காய்ந்து வந்த பிறகும் 2 நாள் விட்டு ஊற்றுங்கள். ஊற்றும்போது அடி ஓட்டை வழியாக வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் ஒரு ஸ்பூன் என்று ஊற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். மேல் மண் எப்போதும் ஈரமாகவே இருக்கும். அடி வேருக்கோ ஒன்றும் போய்ச் சேராது. மண்ணைச் சுற்றிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறக்க ஆரம்பித்தால், மேல் மண் காயவே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

தொட்டியின் அடியில் 2 அங்குலம் ஜல்லி போட்டு, மேலே செம்மண்ணும் கோகோபீட்டும் சம அளவில் கலந்து நட்டேன். வடிகாலுக்கு இவ்வளவு செய்தும் ஹவோர்தியா அழுகிவிட்டது. எங்கே தவறு?
வாசகர், மதுரை

இரண்டு இடத்தில். ஜல்லி அடுக்கு வடிகாலைக் கூட்டும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அது எதிராகவே வேலை செய்கிறது. பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். அதையே நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் ஒழுகும். எந்த நுண்துளைப் பொருளும் தன் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரை விடாமல் பிடித்து வைக்கும். உங்கள் மண்ணும் அப்படித்தான். மண்ணின் நுண்ணிய சந்துகளிலிருந்து ஜல்லியின் பெரிய சந்துக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. ஆக, தொட்டியின் அடியில் நிற்க வேண்டிய ஈரப்பட்டையை 2 அங்குலம் மேலே தூக்கி, வேருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள். ஓட்டை மேல் ஒரே ஒரு ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும். மண் ஒழுகாது, தண்ணீர் வடியும்.

அடுத்தது கலவை. கோகோபீட் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். முழுக்கக் காய்ந்துவிட்டாலோ சில சமயம் நேர் எதிராகத் தண்ணீரை உள்ளே விடாமல் ஓரத்தில் வழியவிடும். சதைப்பற்றுச் செடிக்கு இரண்டுமே தொல்லை.

ஒரு டம்ளர் சலித்த செம்மண், அரை டம்ளர் நன்றாக மக்கிய தொழுஉரம் அல்லது மண்புழு உரம், 3 டம்ளர் பொடிக்கல் வகை. இதுதான் எங்கள் அளவு. பொடிக்கல்லுக்கு பெர்லைட், பியூமிஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பழைய செங்கல்லை உடைத்து, மிளகு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவுவரை உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு அடுப்புக்கரித் துண்டும் பருமனான ஆற்றுமணலும் சேரலாம். மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைக் கொட்டிவிட்டு மேலே நிற்பதை மட்டும் பயன்படுத்துங்கள். செங்கல் தூள் சேர்ந்தால் சந்துகளை அடைத்து, கலவை களிமண்போல இறுகிவிடும். எம்-சாண்ட் என்றால் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். பூச்சு வேலைக்கான நைஸ் மணல் வேண்டாம். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அதுவும் வேண்டாம். சிமென்ட் ஒட்டிய செங்கல்லைத் தவிர்த்துவிடுங்கள், சுண்ணாம்புத்தன்மை ஏறிவிடும்.

கலவை சரியா என்று செடி நடும் முன்பே பார்த்துவிடலாம். தொட்டியில் கலவையை நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளம்போல் நிற்காமல் உடனே உள்ளே இறங்கி, சில நொடிகளில் அடியில் வடிய வேண்டும். நிழலில் வைத்த தொட்டி 4, 5 நாளில் காயவில்லை என்றால் பொடிக்கல்லை இன்னும் ஒரு டம்ளர் கூட்டுங்கள்.

தொட்டி மெருகு பூசாத மண்தொட்டியாக இருக்கட்டும். பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். வேர்க்கட்டியைவிட ஒரு விரற்கடை அகலம் போதும். வளரட்டும் என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் நாள்கணக்கில் தேங்கும்.

5 வயது அடினியம். மழைக்குப் பிறகு அடிக்கிழங்கு ஒரு பக்கம் அமுங்குகிறது. இலையெல்லாம் மஞ்சளாகிப் பொலபொலவென்று கொட்டுகிறது. கிழங்கு போய்விட்டால் செடியே போய்விட்டதா?
வாசகர், பாளையங்கோட்டை

போகவில்லை, நேரத்தைக் கடத்தாமல் இருந்தால். முதலில் கிழங்கைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கிழங்கு முழுவதும் ஒரே மாதிரி லேசாக அமுங்கித் தோல் சுருங்கி, மண்ணும் காய்ந்திருந்தால் அது தாகம்தான். ஒரு பக்கம் மட்டும் பொதபொதவென்று அமுங்கி, தோல் கறுத்து, நாற்றமும் வந்தால் அழுகல். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடினியத்தின் பால் நஞ்சு. இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருள்கள் அதில் இருக்கின்றன. கண்ணிலும் காயத்திலும் படக்கூடாது. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் பக்கத்தில் வேண்டாம்.

செடியை எடுத்து, மண்ணை நீக்கிக் கழுவி, அழுகிய பகுதியைக் கூரான கத்தியால் தோண்டி எடுங்கள். சுத்தமான கெட்டிச் சதை வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். அதுவரை போயே ஆக வேண்டும். கிழங்கின் பாதி போனாலும் பரவாயில்லை. அழகு கெடுகிறதே என்று ஓரத்தில் கொஞ்சம் பழுப்பை விட்டுவைத்தால், ஒரு வாரத்தில் முழுக் கிழங்கையும் அது தின்றுவிடும். குழியாகத் தோண்டினால் அதில் தண்ணீர் நிற்கும். ஆகையால் வெட்டைச் சரிவாக, நீர் வழிந்தோடும்படி சீவிவிடுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சணக்கொல்லித் தூளைத் துளி நீரில் குழைத்து வெட்டுமுகத்தில் பூசுங்கள். கந்தகத்தூள் தூவினாலும் சரி. மீதி இலைகளையும் கழற்றிவிட்டு, மழைபடாத காற்றோட்டமான இடத்தில் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். 10 முதல் 15 நாள் ஆகும். பயப்பட வேண்டாம், அடினியம் கிழங்கிலுள்ள நீரிலேயே வாரக்கணக்கில் தாங்கும்.

காயம் மரப்பட்டைபோல் ஆனதும் 2 நாள் இடைவெளியில் தொட்டுப் பாருங்கள். எங்கும் புதிதாக அமுங்கவில்லை என்றால் நடலாம். வெட்டுமுகம் மண்ணுக்கு மேலே தெரியும்படி உயர்த்தி நடுவது பாதுகாப்பு. தண்ணீர் ஒரு வாரம் கழித்து. பிறகு நல்ல வெயில் கொடுங்கள். வெயிலும் சூடும் இருந்தால்தான் அடினியம் வேர் விடும்.

அழுகல் கிழங்கைத் தாண்டிக் கிளைவரை போயிருந்தால், சுத்தமான கிளைகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் காயவைத்து ஊன்றுங்கள். வேர் பிடிக்கும், பூக்கும். விதையிலிருந்து வந்த செடிபோலப் பருத்த கிழங்கு மட்டும் எளிதில் அமையாது.

அடுத்த ஆண்டு அக்டோபர் தொடங்கும் முன்பே தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கோ ஒளி வரும் கூரைத் தகட்டின் கீழோ நகர்த்திவிடுங்கள். நகர்த்த முடியாத பெரிய தொட்டி என்றால் ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்துச் சாய்த்து வையுங்கள். மழைநீர் கொஞ்சமாகவே இறங்கும்.

அழுகலுக்குக் கடையில் கார்பன்டசிம் கொடுத்தார்கள். ஊற்றியும் கேட்கவில்லை. வேறு மருந்து உண்டா?
வாசகர், ஈரோடு

கார்பன்டசிம் பியூசேரியம் போன்ற பூஞ்சணங்களுக்கு வேலை செய்யும். பித்தியம், பைட்டோப்தோரா இரண்டும் உண்மையான பூஞ்சணங்களே அல்ல. பாசிகளுக்கு நெருங்கிய உறவு கொண்ட வேறு குலம். அவற்றை இந்த மருந்து தொடாது. தண்ணீர் தேங்கியதால் வரும் அழுகலில் பெரும்பாலும் அவையே இருப்பதால், மெட்டலாக்சிலும் மான்கோசெபும் கலந்த தூளை ஒரு லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பயன்படுத்துங்கள். அது கிடைக்காவிட்டால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம். வெட்டிச் சுத்தம் செய்த வேரை அந்தக் கரைசலில் 10 நிமிடம் முக்கி எடுத்து, முழுக்கக் காயவைத்து நடலாம். கையுறை, மூக்குத்துணி அவசியம். அளக்கும் ஸ்பூனும் டம்ளரும் அடுக்களைக்குத் திரும்பக் கூடாது.

எந்த மருந்தும் அழுகிய திசுவை உயிர்ப்பிக்காது. வெட்டாமல், ஈர மண்ணை மாற்றாமல் மருந்தை ஊற்றினால், அந்தக் கரைசலும் இன்னொரு டம்ளர் தண்ணீர்தான். உங்கள் செடிக்கு நடந்தது இதுவாகவே இருக்கும்.

இயற்கை வழியை விரும்புவோர் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைப் புதுக் கலவையில் கலக்கலாம். அது வருமுன் காக்க உதவும். ரசாயன மருந்து ஊற்றிய தொட்டியில் உடனே போட்டால் விரிடியும் செத்துவிடும். 15 நாளாவது இடைவெளி வேண்டும். பட்டைத்தூள் தண்டு வெட்டில் தூவ நல்லது. ஆனால் நல்ல வேர்மேல் பட்டால் அதையும் காயவைத்துவிடும்.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள் போடலாமா? செடி சீக்கிரம் தேறுமே?
வாசகி, விருத்தாசலம்

தேறாது. மாவுச்சத்தும் டீத்தூளும் முதலில் போய்ச் சேருவது பூஞ்சணத்துக்கும் ஈப்புழுக்களுக்கும்தான். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள். சதைப்பற்றுச் செடிக்கு வெறும் தண்ணீர் போதும். நோயிலிருந்து மீளும்போது அதுவும் அளவாக.

அலுவலக மேசையில் ஓட்டையில்லாத பீங்கான் ஜாடியில் ஸ்னேக் பிளான்ட். நடு இலை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது, அடியில் நாற்றம். மஞ்சள் ஓரம் போட்ட வகை, விட மனமில்லை.
வாசகர், ஓசூர்

ஓட்டையில்லாத ஜாடியில் வடிவதற்கு வழியே இல்லை. மேசை வெளிச்சத்தில் செடி குடிப்பதும் மெதுவாகத்தான். எடுத்துப் பார்த்தால் மண்ணுக்குள் இஞ்சிபோல ஒரு கிழங்கு ஓடும். அதில் கெட்டியாக, வெட்டினால் மஞ்சளோ வெள்ளையோ தெரிகிற துண்டு ஒன்று இருந்தாலும் போதும். குறிப்பாக ஒரு குருத்தோ கண்ணோ ஒட்டியிருந்தால் அதை 3, 4 நாள் காயவைத்து நடுங்கள். அதிலிருந்து வரும் செடிக்கு மஞ்சள் ஓரம் இருக்கும்.

இலைத் துண்டிலிருந்தும் செடி வரும். ஆனால் மஞ்சள் ஓரம் போய் வெறும் பச்சையாக வரும். ஓரத்துத் திசுவும் நடுத் திசுவும் வேறுவேறு. இலை வெட்டில் புதுக்குருத்து ஒரே திசுவிலிருந்து எழுவதால் இரண்டும் சேர்வதில்லை. எனவே கிழங்கைத்தான் முதலில் தேடுங்கள். கிழங்கு முழுவதும் போயிருந்தால் மட்டும் இலையை 10 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். எது அடி, எது நுனி என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாக ஊன்றினால் வேர் வராது. வேருக்கு ஒன்றிரண்டு மாதம், குருத்துக்கு இன்னும் சில மாதம் ஆகும்.

பீங்கான் ஜாடியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. செடியை ஓட்டையுள்ள சின்னத் தொட்டியில் நட்டு, ஜாடிக்குள் இறக்கிவையுங்கள். தண்ணீர் ஊற்ற வெளியே எடுத்து, வடிந்த பிறகு திரும்ப வையுங்கள். இலைக் கூட்டின் நடுவே ஊற்றாதீர்கள். அங்கே தேங்கும் நீரும் நடு இலையை அழுகவைக்கும்.

குன்னூரில் இருக்கிறேன். டிசம்பரில் மாதம் 2 தடவைதான் ஊற்றினேன், அப்படியும் ஜேட் அழுகிவிட்டதே?
வாசகி, குன்னூர்

குளிரில் வேர் கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும். மூடுபனியில் மண்ணும் காயாது. சமவெளியில் 2 தடவை என்பது பட்டினி. உங்கள் ஊர் மார்கழியில் அதுவே வெள்ளம். டிசம்பர், ஜனவரியில் இலை சுருங்கத் தொடங்கும்வரை ஊற்றாதீர்கள். ஊற்றினால் காலை 10 மணிக்கு மேல், வெயில் வந்த நாளில். அழுகிய செடியைச் சுத்தம் செய்து வெட்டிய தண்டை வீட்டுக்குள் சமையலறைப் பக்கம் காயவையுங்கள். வெளியில் வைத்தால் காயம் ஆறாது.

சிவப்புத் தலை கள்ளி, அடியிலுள்ள பச்சைத் தண்டு மட்டும் அழுகிவிட்டது. சிவப்புத் தலையைத் தனியாக நடலாமா?
வாசகர், சேலம்

தனியாக வாழாது. அந்தச் சிவப்புத் தலையில் பச்சையம் இல்லை. தனக்கு வேண்டிய உணவை அதனால் தயாரிக்க முடியாது. அதனால்தான் டிராகன் பழக் கொடியின் தண்டில் ஒட்டியிருக்கிறார்கள். அதே கொடித் தண்டு உங்கள் பக்கத்துத் தோட்டத்திலோ நர்சரியிலோ கிடைக்கும். வேர்பிடித்த ஒரு சாண் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவப்புத் தலையை அடியில் சீவி, சுத்தமான சதை தெரியச் செய்யுங்கள். கொடித் தண்டின் நுனியைத் தட்டையாக வெட்டி, விளிம்பு முனைகளைச் சாய்வாகச் சீவிவிடுங்கள்; இல்லையென்றால் காயும்போது நடுப்பகுதி உள்வாங்கி ஒட்டு தூக்கிக்கொள்ளும். இரண்டு வெட்டுமுகத்திலும் நடுவே ஒரு வளையம் தெரியும். வளையத்தின் அளவு வேறாக இருந்தாலும் எங்கேயாவது ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும்படி வைக்க வேண்டும். ஒட்டு உயிர்பிடிப்பது அந்தச் சந்திப்பில்தான். வெட்டுமுகம் காய்வதற்குள், ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒட்டி, தொட்டியோடு சேர்த்து 2 ரப்பர் பேண்ட் குறுக்கும் நெடுக்கும் போடுங்கள். 10 நாள் நிழலில் வைத்து, ஒட்டின்மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ரப்பர் பேண்டை எடுத்ததும் தலை அசையாமல் நின்றால் ஒட்டிவிட்டது. அழுகல் வளையம்வரை ஏறியிருந்தால் இதுவும் பலிக்காது.

அழுகிய செடி இருந்த மண்ணையும் தொட்டியையும் மறுபடி பயன்படுத்தலாமா?
வாசகி, ஸ்ரீரங்கம்

தொட்டியை நிச்சயம் பயன்படுத்தலாம். பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு வீட்டு பிளீச் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் 2 முறை அலசி வெயிலில் காயவையுங்கள். மண்தொட்டி திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதனால் அதை ஒரு நாள் வெறும் தண்ணீரில் போட்டுவைத்துப் பிறகு காயவையுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, பொடிக்கல்லைச் சலித்துப் பிரித்துக் கொதிநீர் ஊற்றிக் காயவைத்தால் மறுபடி உதவும். மீதி மண்ணை லேசாக நனைத்து, நிறமில்லாத பாலித்தீன் பையில் ஒரு கை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிக் கட்டி, சித்திரை வெயிலில் 4 முதல் 6 வாரம் மொட்டைமாடியில் போடுங்கள். கறுப்புப் பை வேண்டாம். வெயில் உள்ளே புகுந்து மண்ணைச் சுடவைக்க நிறமில்லாததுதான் ஏற்றது. இப்போது மழைக்காலம் என்றால் அந்த மண்ணை மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்திருங்கள். வாழைக்கோ செம்பருத்திக்கோ அடியில் கொட்டிவிட்டாலும் சரி. இன்னொரு சதைப்பற்றுச் செடிக்கு மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள்.